வரிசையில் கடைசிப் போத்தல்

செத்தவீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான், அது உலக வழக்கம். ஆனாலும் தம்பிராசா மாஸ்ரரின் செத்தவீட்டில் பேச வந்தவர்கள் கொஞ்சம் கரை கடந்தே போனார்கள். "கடைசிக் காலத்தில மாஸ்ரருக்குப் பக்தி கூடிட்டுது. அதுதான் மனிசக் கரு வளருற பாடத்தைப் படிப்பிக்காமல் விட்டவர்" என்று பழைய மாணவர் ஒருவர், இப்போது பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பக்தியாம். அந்த மனிதர் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்க்கமாட்டார், கேணியில் வாற்பேய், அதுதான் தவளைக்குஞ்சு, நீந்துகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் அவருடைய மனைவி கனகம்மா அக்கா இருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அது எழுபத்தொன்பதில். போன மாதம் கனகம்மா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிச் சொன்னால் நோவதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை, அதனால் சொல்கிறேன்.

நான் பூரணி. திருகோணமலை நகரத்தில், கடற்காற்றில் கதவுப் பிணைச்சல்கள் எல்லாம் துருப்பிடிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள். அவர் விலங்கியல். இரண்டு பாடத்துக்கும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு பலகைத் தட்டி. அவர் படிப்பிப்பது முழுவதும் எனக்குக் கேட்கும், நான் பிள்ளைகளை ஏசுவது முழுவதும் அவருக்குக் கேட்கும். இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் இருந்தால் ஒரு மனிதரின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும்.

விஞ்ஞானத்தை இங்கிலீசில் படித்த நாங்கள் அதைத் தமிழில் படிப்பிக்கத் தொடங்கிய காலம் அது. நாளுக்கொரு புதுச்சொல் வரும், பாதி வாயில் நுழையாது. ஆனால் ‘முளையம்’ என்ற சொல் வந்தபோது மாஸ்ரர் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். முட்டையிலோ வயிற்றிலோ உருவாகத் தொடங்கிய உயிருக்கு அந்தப் பெயர். "கரு எண்டால் சனம் மஞ்சட்கருவை நினைக்கும், டீச்சர். முளையம் எண்டால் வேற ஒண்டையும் நினைக்காது" என்றார். நினைத்தார்கள். பிள்ளைகள் அவருக்கு ‘மூளை மாஸ்ரர்’ என்று பட்டம் வைத்தார்கள். மூளை கூடின மாஸ்ரர் என்று ஊரும் நம்பிவிட்டது.

வருடாவருடம் முதல் வகுப்பில் ஒரு கோழிமுட்டையைப் பீங்கானில் உடைத்து ஊற்றுவார். குஞ்சு எதிலிருந்து வரும் என்று கேட்பார். மஞ்சட்கருவிலிருந்து என்று முழு வகுப்பும் சொல்லும். வேறு என்ன சொல்லும், பெயரே கரு என்றல்லவா இருக்கிறது. "மஞ்சள் குஞ்சுக்குச் சோறு. குஞ்சு இந்தா, மேல கிடக்கிற இந்த வெள்ளைப் பொட்டு. பேரைக் கேட்டு ஏமாறாதேங்கோ" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை.

அவருடைய பிடிவாதம் ஒன்றுதான். தவளையை வெட்டி, உறுப்பைக் கீறி, பெயர் எழுதினால் அது உயிரியல் ஆகாது என்பார். "அது பிரேத பரிசோதனை, டீச்சர். உயிரைப் படிக்கிறதெண்டால் அது எப்பிடி வந்தது எண்டு பாக்கவேணும். ஒரு துளியில இருந்து கை எப்பிடி வந்தது, கண் எப்பிடி வந்தது, ஏன் கைக்குப் பதிலாக் கால் வரேல்லை. அதை விட்டிட்டு மிச்சத்தைப் படிக்கிறது கலியாண வீட்டில எச்சில் இலையை எண்ணிப்போட்டு வாற மாதிரி." துறைமுகத்தில் வள்ளங்களைக் கரையேற்றி அடி சுரண்டும்போது உதிர்கிற வெள்ளைச் சிப்பியை அள்ளிக்கொண்டு வருவார். இது என்ன இனம் என்று கேட்பார். சிப்பி இனம் என்று பிள்ளைகள் சொல்லும். "இதின்ட குஞ்சைப் பாத்தால் இறால் குஞ்சு மாதிரி நீந்தித் திரியும். பிறகுதான் தலையை ஒட்டிக்கொண்டு வீடு கட்டுது. வளர்ந்ததைப் பாத்தால் சிப்பிக்குச் சொந்தம், குஞ்சைப் பாத்தால் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். குஞ்சுதான் உண்மை சொல்லும்."

ஒருமுறை கல்விக் கந்தோரில் இருந்து மேற்பார்வைக்கு வந்தவர், "சோதினையில இதிலயிருந்து ஒரு கேள்விதான் மாஸ்ரர் வரும்" என்றார். "ஓம் ஐயா, ஒரு கேள்விதான். மற்றக் கேள்வியள் எல்லாத்தின்ட விடையும் அதுக்குள்ளதான் கிடக்கு" என்றார் இவர். வந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த வருடமும் ஆய்வுகூடத்துக்குக் கேட்ட நுணுக்குக்காட்டி வரவில்லை.

அவருக்கு இருந்த ஒரே சொத்து சுவரோரப் பலகையில் இருந்த போத்தல் வரிசை. மாரிமழைக்கு வாய்க்காலில் மாலை மாலையாகக் கிடக்கும் தேரை முட்டையில் தொடங்கும். பிறகு வாற்பேய், பிறகு கோழிமுளையம் ஒவ்வொரு பருவத்திலும், பிறகு எலி. எல்லாம் போமலினில், உடல் அழுகாமல் வைக்கிற மருந்தில், மிதக்கும். கடைசி இடம் வெறுமையாக இருந்தது. மனிதன் இல்லாமல் இந்த வரிசை முடியாது என்று ஆசுபத்திரி ஒன்றில் சிற்றூழியராக இருந்த ஒருவரைக் காணும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஆசுபத்திரி என்ற கதை வேண்டாம்.

அறுபத்துமூன்றில் போத்தல் வந்தது. சோதனைத்தாள் திருத்த மாஸ்ரர் கொழும்புக்குப் போயிருந்த நேரம், பேப்பரில் சுற்றி அவருடைய மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதே கிழமைதான் அவருடைய வீட்டிலும் இடி விழுந்தது. கலியாணம் கட்டி ஏழு வருடத்துக்குப் பிறகு கனகம்மா அக்காவுக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை, மாஸ்ரர் கொழும்பில் நிற்கும்போது அதே ஆசுபத்திரியில் அழிந்துபோனது. பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. திரும்பி வந்தவர் ஆய்வுகூட வாங்குப் பலகையில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆம்பிளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. போத்தலைப் பார்த்ததும் நேரே கேட்டுவிட்டேன். "மாஸ்ரர், இது உங்கட வீட்டுப் பிள்ளையா இருக்குமோ?" அவர் திடுக்கிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "இல்லை டீச்சர். எங்கடது மூண்டு மாசம். மாமியும் சொன்னவ, கனகமும் சொன்னவ. இதைப் பாருங்கோ, புருவத்தில மயிர் அரும்பீட்டுது. இது நாலு மாசம் கடந்தது. மூண்டு மாசத்தில இது வராது." குஞ்சு உண்மை சொல்லும் என்பவரிடம் நான் என்ன கதைக்க. அவர் போத்தலை வரிசையின் கடைசியில் வைத்து, ‘மனித முளையம்’ என்று ஒட்டினார்.

ஆறு வருடம் அது அங்கே இருந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மாஸ்ரர் பிரம்பு நுனியால் விரல்களைக் காட்டுவார், மூடின இமையைக் காட்டுவார், இந்தக் கழுத்தில்தான் முதலில் மீனுக்கு வருவதுபோல மடிப்பு இருந்தது என்பார். அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளியில் ஆய்வுகூடத்து ஓடுகள் பறந்தபோது, வீட்டில் கனகம்மா அக்காவைத் தனியே விட்டுவிட்டு ஓடிவந்து, அந்தப் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்குக் கீழே இருந்தாராம். கேள்விப்பட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பெண்சாதியை விடப் போத்தல் பெரிசோ?" என்று கேட்டேன். சிரித்தார்.

சந்திரனில் மனிதன் இறங்கிய வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞானக் கண்காட்சி வைத்தோம். ராக்கெட் செய்த பிள்ளைகளின் பக்கம் ஒரு குருவியும் போகவில்லை. சனம் முழுவதும் போத்தலுக்கு முன்னால். கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் வந்தார்கள். அதில் ஒரு பெண் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள், அசையவில்லை. வரிசை தேங்கிவிட்டது. நான்தான் போய் நகரச் சொன்னேன். இது எப்போது வந்தது என்று மட்டும் கேட்டாள். அறுபத்துமூன்று என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அடுத்த கிழமை புருசனோடு வந்தாள். பெயர் ஸல்ஹா, குறிஞ்சாக்கேணிப் பெண். புருசன் அபூதாஹிர் கிண்ணியாத் துறையில் பாதையில் வேலை. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஆளையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடத்துகிற மிதவையை. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் உள்ளே வந்தாள்.

"சேர், எந்த ஆசுபத்திரியில எடுத்த இது?"

மாஸ்ரர் சொன்னார்.

"அறுவத்துமூண்டில அங்கதான் என்ட புள்ளயும் போன. தாங்களே அடக்கினதெண்டு சொன்னாங்க. எங்க அடக்கினீங்கெண்டு கேட்டா ஒருத்தரும் வாய் தொறக்கல்ல. சேர், இது என்ட புள்ள. தாங்க, கொண்டுபோய் அடக்கிறன்."

"எத்தினை மாசம் உங்களுக்கு?"

அவள் தலை குனிந்தாள். "மூணு."

மாஸ்ரரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் தட்டி இடுக்கால் பார்த்தேன். வரிசை தப்பியது என்ற வெளிச்சம். தனக்கு வந்தால்தான் தலையிடியும் காய்ச்சலும் தெரியும் என்பார்கள், இவருக்கு வந்தும் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். அவர் கதிரையை இழுத்து அவளை இருக்கச் சொல்லி, மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினார். புருவத்தைக் காட்டினார். நகத்தைக் காட்டினார். "இது நாலு மாசம் கடந்த பிள்ளை, தங்கச்சி. உங்கட பிள்ளை இல்லை. மனம் ஆறிப் போங்கோ."

ஸல்ஹா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, விளங்காதவரைப் பார்க்கிற பார்வை.

"சேர், மூணெண்டது ஊருக்குச் சொல்லுற கணக்கு. ஆரு சேர் சரியான மாசம் சொல்லுற? கண்ணூறு படுமெண்டு ஒரு மாசத்தக் கொறச்சித்தான் சொல்லுற. ஆசுபத்திரியிலயும் உம்மா அப்பிடித்தான் சொன்ன. பொறகு போனதுக்குப் பொறகும் அதே கணக்குத்தான், மாத்திச் சொன்னா பொய்க்காரி எண்டுவாங்க. எனக்கு நாலு முடிஞ்சி பாதி. நாலு தாண்டின புள்ளய எங்கட மார்க்கத்தில குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, பேர் வெச்சி அடக்கணும். அதுக்குத்தான் வந்த." பிறகு, சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல, "உங்கட வீட்டிலயும் பொம்புளயள் அப்பிடித்தானே சொல்லுவாங்க" என்றாள்.

மாஸ்ரர் பிரம்பை மேசையில் வைத்தார். அது உருண்டு விழுந்தது. அவர் எடுக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் அம்மாவும் அக்காமாருக்கு இப்படித்தான் மாதம் குறைத்துச் சொல்லியிருக்கிறார். புருவத்தைக் காட்டி ஒரு மனிதர் கணக்குச் சொல்லும்போது அது யாருக்கு நினைவு வரும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுறன், தங்கச்சி" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு, பாடம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வீங்கிக் கிடந்தது.

"கனகத்தைக் கேட்டனான், டீச்சர். நாலரை மாசமாம்."

நான் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடினேன்.

"ஏன் எனக்கு மூண்டெண்டு சொன்னனீர் எண்டு கேட்டன். மாமிதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவவாம். எனக்கும் சேத்து. நான் இந்தப் போத்தல் வந்ததை அண்டைக்குச் சாப்பிடேக்க அவவுக்குச் சொன்னனான், டீச்சர். பெருமையாச் சொன்னனான். அவவுக்கு அண்டைக்கே யோசினை வந்திட்டுதாம். கேக்கப் பயந்து கிடந்தவவாம். ஆறு வருசம்." வாங்கில் இருந்துவிட்டார். "ஆரின்ட எண்டு அறிய ஏதும் வழி இருக்கோ? இரசாயனத்தில ஏதும்?"

"போமலினில ஆறு வருசம் கிடந்ததில ஒரு சோதினையும் செய்ய ஏலாது, மாஸ்ரர்." எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்ததும் இல்லை. அந்தச் சிற்றூழியர் பென்சன் எடுத்த கையோடு செத்துப்போயிருந்தார். அவருக்கும் எல்லாம் ஒன்றுதான், யாருடையது என்று பார்த்தா எடுத்திருப்பார்.

"அக்கா என்ன சொல்லுறா?"

"அந்தப் பிள்ளை கேட்டு வந்தவள். நான் கேட்டு வரேல்லை. அவளிட்டயே குடுத்துவிடுங்கோ எண்டு சொல்லுறா."

அதிபர் ஒரு மூச்சு முட்டுக்கட்டை போட்டார். பள்ளிக்கூடப் பொருளாம், கொடுக்கமுடியாதாம். "உங்கட வீட்டுப் பிள்ளை எண்டால் மேசை கதிரையோட சேத்துக் கணக்கெழுதுவீங்களோ?" என்று கேட்டேன். அதன்பிறகு அவர் என்னோடு மூன்று மாதம் கதைக்கவில்லை, எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. மாஸ்ரர் ஸல்ஹாவிடம் தன் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. "உங்கட பிள்ளையாத்தான் இருக்கவேணும், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். சோதித்துப் பார்க்காமல் அவர் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பாதையில் கிண்ணியாவுக்குப் போனோம். போத்தலை ஒரு பன்புல் பையில் வைத்து மடியில் வைத்திருந்தார். அபூதாஹிர் எங்களிடம் பாதைக்காசு வாங்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் போத்தலை ஸல்ஹாவின் கையில் கொடுத்துவிட்டு மாஸ்ரர் முற்றத்துக்குப் போய்விட்டார். பெண்பிள்ளை என்பதால் பெண்கள்தான் குளிப்பாட்டினார்கள். ஸல்ஹாவும், சாச்சி என்று அவள் கூப்பிடுகிற சின்னம்மா பரீதாவும். நான் கதவோடு நின்றேன். எத்தனை தரம் வார்த்தும் போமலின் நாற்றம் போகவில்லை. சாச்சி கற்பூரம் போட்டார், அத்தர் தடவினார். போகவில்லை. ஸல்ஹா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, இது இவட வாசம்" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடக்கம் செய்ய மையவாடிக்கு ஆண்கள் போனார்கள். மாஸ்ரர் வேலிக்கு வெளியே நின்றாராம். திரும்பி வரும்போது பாதையின் கைபிடியைப் பிடித்தபடி அவரே சொன்னார்.

"பள்ளிவாசல் லெப்பை பேர் கேட்டவர், டீச்சர். லைலா எண்டு அபூதாஹிர் சொன்னவன். ஆரின்ட மகள் எண்டு கேட்டவர். எனக்கு வாய் தன்பாட்டில திறந்திட்டுது. ஆனால் சத்தம் வரேல்லை. அபூதாஹிர் தன்ட பேரைச் சொன்னவன்." பிறகு என்னைப் பார்த்து, "சரிதானே, டீச்சர்?" என்று கேட்டார்.

"சரி, மாஸ்ரர்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல. பாதை கரையில் முட்டியது, இறங்கினோம்.

அவரைத் தனியே வீட்டுக்கு விட எனக்கு மனம் வரவில்லை. கூடப் போனேன். பொழுது படுகிற நேரம். கனகம்மா அக்கா குசினி வாசலில் இருந்தார், அரிசி புடைத்தபடி. மாஸ்ரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விட்டார். அக்கா அவரைக் கேட்கவில்லை. சுளகை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"பேர் வைச்சவையோ?"

"ஓம் அக்கா. லைலா."

அவருடைய உதடு அசைந்தது. அந்தப் பெயர் அந்த வாய்க்குப் பழக்கம் இல்லாத பெயர். சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"குளிப்பாட்டினது ஆர்?"

"ஸல்ஹாதான். தன்ட கையால."

"பச்சைத்தண்ணியிலயோ?"

"இல்லை அக்கா, சுடுதண்ணி. கையில ஊத்திப் பாத்துப் பாத்துத்தான் வாத்தவ."